குறும்பா, கோளாறா? அமெரிக்கப் பள்ளிகளில் சிறப்புக் கல்வித் தகுதி

அமெரிக்காவின் சிறப்புக் கல்விச் சட்டம் 13 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பார்வைக் குறைபாடு, செவிப்புலன் இழப்பு, அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு என்று போகும் அந்தப் பட்டியலில் ஒரு பிள்ளை இடம்பெற்று, அதற்குத் தனிக் கற்பித்தல் தேவை என்றும் முடிவானால், பள்ளி அதைக் கொடுத்தே ஆக வேண்டும். பெற்றோர் கையிலிருந்து ஒரு காசும் வாங்கக் கூடாது. கண் தெரியாத பிள்ளையைப் பார்த்து ‘வேண்டுமென்றே செய்கிறான்’ என்று யாரும் சொல்வதில்லை. நாற்காலியைத் தூக்கி எறியும் பிள்ளையைப் பார்த்து அப்படிச் சொல்லாத பள்ளி அபூர்வம். பட்டியலில் உள்ள ‘மனவெழுச்சிக் கோளாறு’ என்ற வகை ஐம்பது ஆண்டுகளாகத் தீராத வழக்காக இருப்பதற்கு இதுவே காரணம். தகுதி உண்டா இல்லையா என்று முடிவு செய்ய உட்காருகிறவர்கள், அந்தப் பிள்ளை நல்ல பிள்ளையா கெட்ட பிள்ளையா என்றும் சேர்த்தே தீர்ப்பெழுதிவிடுகிறார்கள்.

இந்தத் தகுதி வரையறை எங்கிருந்து வந்தது, பள்ளியில் அது எப்படி நடைமுறையாகிறது, நீதிமன்றங்கள் அதை எப்படி வாசித்தன, அதன் வழியே யார் உள்ளே வருகிறார்கள், வந்தவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று இக்கட்டுரை வரிசையாகப் பார்க்கிறது. சட்டம் கேட்க வேண்டிய கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது. அதை முந்திக்கொண்டு நிற்கும் ஒரு விலக்கு வாசகம்தான் சிக்கலின் வேர் என்பதே இக்கட்டுரையின் முடிவு.

சட்டம் வந்த வழி

1970களின் தொடக்கம்வரை, ‘தொல்லை தரும் பிள்ளை’ என்று பெயர் வாங்கியவரைப் பள்ளி வெளியே அனுப்பிவிட்டால் கேட்பாரில்லை. 1972இல் வாஷிங்டன் நகரில் தீர்ப்பான மில்ஸ் வழக்கு அந்த வழக்கத்துக்கு விழுந்த முதல் அடிகளில் ஒன்று. நடத்தைப் பிரச்சினை, மனவெழுச்சிக் கோளாறு, மிகையியக்கம், அறிவுத்திறன் குறைவு என்ற முத்திரைகளோடு வெளியேற்றப்பட்ட குழந்தைகள் சார்பில் தொடுக்கப்பட்ட வழக்கு அது. பணம் போதவில்லை என்று பள்ளி நிர்வாகம் சொன்னது. நீதிபதி ஜோசப் வாடி அதை ஏற்கவில்லை. பணம் குறைந்தால் அந்தக் குறை எல்லாப் பிள்ளைகள் மீதும் விழட்டும், இவர்கள் தலையில் மட்டும் கூடுதலாக விழக் கூடாது என்பதே தீர்ப்பின் சாரம்.

மூன்று ஆண்டுகள் கழித்து நாடாளுமன்றம் கணக்கெடுத்தபோது, நாட்டில் 80 லட்சத்துக்கு மேற்பட்ட மாற்றுத்திறன் குழந்தைகள் இருந்தனர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு உரிய கல்வி கிடைக்கவில்லை. 10 லட்சம் பேர் பொதுப் பள்ளிக்கே வெளியே இருந்தனர். 1975 நவம்பர் 29 அன்று குடியரசுத் தலைவர் ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம் இதை மாற்ற வந்தது. 1990இல் பெயர் மாறி, இன்று ‘ஐடியா’ என்ற சுருக்கப் பெயரில் வழங்குவதும் அதே சட்டம்தான்.

எந்தப் பிள்ளையை மனவெழுச்சிக் கோளாறு உள்ளவர் என்பது? சட்டத்தை நடைமுறைப்படுத்தும் விதிகளை எழுதியவர்கள் அதற்கான விடையைக் கலிஃபோர்னியாவின் எலை பவர் என்ற ஆய்வாளரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். 1950களின் பிற்பகுதியில் பவர் செய்த ஆய்வு எளிமையானது. ஏற்கெனவே மருத்துவ வல்லுநர்களால் கண்டறியப்பட்ட இருநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளை, அவர்களோடு ஒரே வகுப்பில் படித்த ஆயிரக்கணக்கான மாணவர்களோடு ஒப்பிட்டார். ஆசிரியர் என்ன சொல்கிறார், சக மாணவர்கள் என்ன சொல்கிறார்கள், பிள்ளை தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்று மூன்று கோணத்தில் தகவல் திரட்டினார். வல்லுநர் கண்டறிந்ததை வகுப்பறையும் கவனித்தே இருந்தது என்று தெரியவந்தது. 1960இல் நூலாக வந்த அந்த ஆய்விலிருந்து பிறந்தவை ஐந்து அடையாளங்கள்.

அறிவுத்திறனோ புலனோ உடல்நலமோ காரணமாக இல்லாமலே படிப்பு ஏறாமை. சக மாணவர்களோடும் ஆசிரியர்களோடும் உறவு கொள்ளவோ அதைக் காக்கவோ இயலாமை. சாதாரணச் சூழலிலும் பொருந்தாத நடத்தை அல்லது உணர்ச்சி. எப்போதும் படர்ந்திருக்கும் மகிழ்ச்சியின்மை அல்லது மனச்சோர்வு. பள்ளி அல்லது சொந்தப் பிரச்சினையை ஒட்டி உடல் உபாதைகளோ அச்சங்களோ தோன்றும் போக்கு. ஐந்தில் ஒன்று இருந்தாலே போதும். ஆனால் அது நீண்ட காலமாக இருக்க வேண்டும், கண்கூடான அளவில் இருக்க வேண்டும், பிள்ளையின் கல்விச் செயல்பாட்டைப் பாதிக்க வேண்டும்.

இவற்றோடு விதியை எழுதியவர்கள் தம் பங்குக்குச் சிலவற்றைச் சேர்த்தார்கள். மனச்சிதைவு இந்த வகைக்குள் வரும் என்றார்கள். சமூகப் பொருந்தாமை உள்ள பிள்ளைகள் வர மாட்டார்கள், அவர்களுக்கு மனவெழுச்சிக் கோளாறும் இருப்பதாகத் தீர்மானித்தால் ஒழிய, என்றார்கள். பொருந்தாமை என்றால் என்ன என்று விதி எங்கும் சொல்லவில்லை. 1982இல் பவரே இதைக் கண்டித்து எழுதினார். தம் ஆய்வில் வந்த குழந்தைகள் சமூகத்தோடு பொருந்தாதவர்கள் என்பதாலேயே கண்டறியப்பட்டவர்கள்; உறவு கொள்ள இயலாமையை இரண்டாவது அடையாளமாக வைத்துவிட்டு, அடுத்த பத்தியிலேயே பொருந்தாமையை விலக்குவது தன்னையே வெட்டிக்கொள்ளும் வாசகம் என்பது அவர் வாதம்.

விதியின் ஓரங்களில் மட்டும் திருத்தம் நடந்தது. தொடக்கத்தில் இந்த வகைக்குள் அடைக்கப்பட்டிருந்த ஆட்டிசம் 1981இல் வெளியே எடுக்கப்பட்டு, 1990இல் தனி வகையானது. 1997 திருத்தத்தோடு, வகையின் பெயருக்கு முன் இருந்த ‘கடுமையான’ என்ற அடைமொழி அன்றாட வழக்கிலிருந்து விடுபட்டது. சில மாநிலங்கள் பெயரை மாற்றிக்கொண்டன. நியூயார்க் 2022இல் ‘கோளாறு’ என்பதை விட்டு ‘மனவெழுச்சிக் குறைபாடு’ என்று ஆக்கியது. விலக்கு வாசகம் மட்டும் அப்படியே நிற்கிறது.

பள்ளிக்குள் நடப்பது

பிள்ளையைத் தேடிக் கண்டறியும் கடமை பள்ளியுடையது. பெற்றோர் வந்து கேட்கும்வரை காத்திருக்கலாகாது. வகுப்புக்கு வகுப்பு தேறிப் போகும் பிள்ளைக்கும் இது பொருந்தும். பெற்றோரும் எழுத்து மூலம் மதிப்பீடு கோரலாம். அவர்கள் ஒப்புதல் தந்த நாளிலிருந்து, மாநிலம் வேறு கெடு வைத்திருந்தாலொழிய, 60 நாளுக்குள் மதிப்பீடு முடிய வேண்டும். ஒரே தேர்வை வைத்து முடிவெடுக்கக் கூடாது. பிள்ளைக்குப் புரியும் மொழியில் சோதிக்க வேண்டும். முடிவில் பெற்றோருக்கு உடன்பாடு இல்லையென்றால், வெளி வல்லுநரைக் கொண்டு பொதுச் செலவில் மறுமதிப்பீடு கேட்கலாம். மறுக்க விரும்பும் பள்ளி, தன் மதிப்பீடு சரியானதுதான் என்று விசாரணையில் நிறுவ வேண்டும்.

மதிப்பீட்டின் நடுவில் இருப்பது பெரும்பாலும் ஒரு வினாத்தாள். பரவலாகப் பயன்படும் ‘பாஸ்க்’ அளவையை எடுத்துக்கொள்வோம். ஆசிரியரும் பெற்றோரும், போதிய வயதுள்ள பிள்ளையாக இருந்தால் அவரும், தனித்தனியே அதை நிரப்புவார்கள். ஒவ்வொரு கூற்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’, ‘சில நேரம்’, ‘அடிக்கடி’, ‘கிட்டத்தட்ட எப்போதும்’ என்ற நான்கில் ஒன்றைக் குறிக்க வேண்டும். விடைகள் ஒரு பொது அளவுக்கு மாற்றப்படும். சராசரி 50, 60 முதல் 69 வரை கவனிக்க வேண்டிய எல்லை, 70ஐத் தொட்டால் கவலைக்குரியது.

எண் வந்துவிட்டது, இனிச் சிக்கலில்லை என்று தோன்றலாம். முரட்டுத்தனம் என்ற தலைப்பில் ஆசிரியரின் தாள் 74 என்கிறது, அம்மாவின் தாள் 55 என்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் அடங்கியிருக்கும் பிள்ளை பள்ளியில் வெடிக்கிறதா, அம்மா மறைக்கிறாரா, இல்லை அந்த ஒரு வகுப்பில்தான் கோளாறா? வினாத்தாள் இதற்கு விடை தராது. பள்ளி உளவியலாளர் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எந்தச் சூழலில் எது தூண்ட என்ன நடக்கிறது, அதனால் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்று ஆராய வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். அவர்களின் தேசியச் சங்கம் 500 மாணவருக்கு ஓர் உளவியலாளர் இருக்க வேண்டும் என்கிறது. நாட்டின் சராசரியோ ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஒருவர்.

‘நீண்ட காலம்’ என்பதற்கும் விதியில் எண் கிடையாது. 1989இல் மத்தியக் கல்வித் துறை எழுதிய விளக்கக் கடிதம் ஒன்று 2 முதல் 9 மாதம் வரை என்றது. தந்தை இறந்து மூன்று மாதமாகப் பேசாமல் இருக்கும் பிள்ளையை இந்தக் கணக்கில் உள்ளேயும் எடுக்கலாம், வெளியேயும் நிறுத்தலாம்.

மருத்துவரின் சான்றிதழும் முடிவைக் கட்டுப்படுத்தாது. வெளியூரிலிருந்து வந்து குடியேறிய பெற்றோர் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது. மனநல மருத்துவர் இருதுருவக் கோளாறு என்று எழுதிக் கொடுத்திருந்தாலும், அந்தப் பிள்ளை ஐந்து அடையாளங்களில் ஒன்றைக் காட்டுகிறதா, படிப்பு பாதிக்கப்படுகிறதா, தனிக் கற்பித்தல் தேவையா என்பதைப் பள்ளியில் கூடும் குழுதான் தீர்மானிக்கும். அந்தக் குழுவில் பெற்றோருக்கும் இடமுண்டு. தகுதி உண்டென்றால் 30 நாளுக்குள் தனிநபர் கல்வித் திட்டம் தயாரிக்கக் குழு கூட வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது மறுமதிப்பீடு நடக்க வேண்டும். தகுதி இல்லையென்றால், 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவின்கீழ் சில சலுகைகள் கிடைக்கலாம். தேர்வில் கூடுதல் நேரம், பதற்றம் ஏறும்போது வகுப்பை விட்டு எழுந்து போக அனுமதி போன்றவை. பெற்றோர் பேச்சில் இது வெறும் ‘504’. சிறப்புக் கல்வியின் காப்புறுதிகள் முழுவதும் அதில் இல்லை.

ஒரே ஆண்டு, இரண்டு தீர்ப்பு

பொருந்தாமை விலக்கு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க 1998ஆம் ஆண்டு போதும். அந்த ஆண்டின் தொடக்கத்தில் நான்காம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் வர்ஜீனியாவின் ஸ்பிரிங்கர் வழக்கில் தீர்ப்பளித்தது. பத்தாம் வகுப்புவரை சராசரியாகப் படித்துவந்த பையன் பதினொன்றாம் வகுப்பில் தடம் மாறினான். இரவில் வீட்டை விட்டு நழுவுவது, கஞ்சா, குடி, திருட்டு, காரில் கைவைத்ததற்காகக் கைது, வகுப்புக்கு மட்டம். ஏழு பாடங்களில் மூன்றில் தோற்றான். பெற்றோர் அவனைத் தனியார் விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டு, செலவைப் பள்ளி நிர்வாகம் ஏற்க வேண்டும் என்றனர். அவனைப் பரிசோதித்த உளவியலாளர்கள் மனவெழுச்சிக் கோளாறு இல்லை, நடத்தைக் கோளாறுதான் என்றார்கள். பெற்றோர் பக்கம் ஒரு மனநல மருத்துவர் மாற்றிச் சொன்னார். நீதிமன்றம் பள்ளியின் பக்கம் நின்றது. பதின்வயது என்பதே அடங்காத பருவம். கெட்ட நடத்தையெல்லாம் கோளாறு என்று எண்ணினால் சட்டத்தின் சுமைக்கு எல்லையே இராது என்பது அதன் கவலை. மட்டம் போட்டதாலும் போதைப் பழக்கத்தாலும் மதிப்பெண் விழுந்தது, கோளாறினால் அல்ல என்று முடித்தது.

சில மாதங்களில் இரண்டாம் வட்ட நீதிமன்றம் நியூயார்க்கின் ஈஸ்ட் ஐஸ்லிப் பள்ளி தொடர்பான முல்லர் வழக்கைத் தீர்த்தது. இங்கேயும் நடத்தைச் சிக்கல்கள் இருந்தன. கூடவே மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் இருந்தன. அந்தப் பெண்ணுக்குத் தகுதி உண்டு என்றது நீதிமன்றம். பொருந்தாமை இருப்பது மட்டுமே ஒரு பிள்ளையை வெளியேற்றாது. கூடவே மனவெழுச்சிக் கோளாறும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2011இல் மிசூரி மாநிலத்தின் ஹேன்சன் வழக்கில் எட்டாம் வட்ட நீதிமன்றமும் இவ்வழியே சென்றது. இருதுருவக் கோளாறு, எதிர்ப்புக் கோளாறு, கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்று பல பெயர்கள் எழுதப்பட்ட அந்த மாணவன், சக மாணவர்களையும் ஆசிரியர்களையும் மிரட்டியவன். உறவு கொள்ள இயலாமையும் பொருந்தாத நடத்தையும் அவனிடம் உள்ளன, படிப்பும் பாதிக்கப்பட்டிருக்கிறது, தகுதி உண்டு என்று தீர்ப்பானது.

இந்தத் தீர்ப்புகள் ஒன்றையொன்று நேருக்கு நேர் மறுக்கவில்லை. வழக்கின் விவரங்கள் வேறு. ஆனால் மூன்றிலும் வாதம் ஒரே இடத்தில் சுழல்கிறது: இந்த நடத்தை பிள்ளையின் கட்டுப்பாட்டில் இருக்கிறதா? உளவியல் துறையில் சிலர் இதற்குக் கோடு கிழிக்க முயன்றார்கள். உள்ளுக்குள் குமைவது கோளாறு, வெளியே பாய்வது பொருந்தாமை என்று ஒரு கோடு. திட்டமிட்டுச் செய்வது பொருந்தாமை, தூண்டுதலில் வெடிப்பது கோளாறு என்று இன்னொன்று. இரண்டைப் பிரித்துக் காட்டுவதாகச் சொல்லும் சோதனைகளும் விற்பனைக்கு உண்டு. 2004இல் கென்னத் மெரலும் ஹில் வாக்கரும் எழுதிய திறனாய்வு, இந்தப் பிரிவினை அறிவியல் அடித்தளத்தில் நிற்கவில்லை என்று வாதிட்டது. நடத்தைக் கோளாறும் மனச்சோர்வும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்து வருவது சாதாரணம். அடி வாங்கி வளர்ந்த பிள்ளை அடிக்கக் கற்றுக்கொண்டால், அதில் திட்டம் எவ்வளவு, வலி எவ்வளவு என்று எந்த வினாத்தாள் பிரிக்கும்?

மதிப்பெண் நன்றாக இருந்தால்?

விலக்கு வாசகம் சத்தம் போடும் பிள்ளையைத் தடுக்கிறது என்றால், ‘கல்விச் செயல்பாடு’ என்ற சொற்கள் அமைதியான, நன்றாகப் படிக்கிற பிள்ளையைத் தடுக்கின்றன. வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு மாணவனுக்கு மனவெழுச்சிப் பாதிப்பு இருப்பதை மதிப்பீடு ஏற்றுக்கொண்டது. ஆனால் அவன் படிப்பில் மிகத் திறமைசாலி. அடிப்படைத் திறன்களில் பின்தங்கியிருக்க வேண்டும் என்று அம்மாநில விதி கேட்டது. 2000ஆம் ஆண்டில் இரண்டாம் வட்ட நீதிமன்றம் தகுதி இல்லை என்றது. ஏழு ஆண்டு கழித்து முதலாம் வட்ட நீதிமன்றம் மெய்ன் மாநில வழக்கொன்றில் மாறாகச் சென்றது. அந்தச் சிறுமிக்கு ஆஸ்பெர்கர்; அவள் வழக்கு வேறு வகையின்கீழ் வந்தது. நல்ல மதிப்பெண் வாங்கியவள் தற்கொலைக்கு முயன்றிருந்தாள். மெய்ன் மாநில விதி, கல்விச் செயல்பாட்டைப் பாடத்துக்கு அப்பாலும் விரித்திருந்தது. பிறரோடு பழகக் கற்பதும் அதில் அடங்கும் என்று கொண்டு நீதிமன்றம் தகுதியை ஏற்றது.

2007இல் மத்தியக் கல்வித் துறையும் ஒரு கடிதத்தில், கல்விச் செயல்பாடு என்பதைப் பாட மதிப்பெண்ணோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை என்று விளக்கியது. இருந்தும் சொல்லின் எல்லையை வகுக்கும் பொறுப்பு மாநிலத்திடமே இருக்கிறது. திங்கட்கிழமைதோறும் வயிற்றுவலி என்று செவிலியர் அறைக்குப் போகும் பிள்ளை, கேள்வி கேட்டால் தலை குனியும் பிள்ளை, மதிய உணவைத் தனியே தின்னும் பிள்ளை: பரீட்சையில் தேறும்வரை இவர்களை யாரும் குழுவின் முன் கொண்டுவருவதில்லை. ஐந்தாவது அடையாளம் இவர்களுக்காகவே எழுதப்பட்டது போலிருந்தும் இதுதான் நிலை.

எண்கள் சொல்வது

2022-23 கல்வியாண்டில் சிறப்புக் கல்வி பெற்றவர்கள் சுமார் 75 லட்சம் பேர். பொதுப் பள்ளி மாணவர்களில் ஏறத்தாழ 15 விழுக்காடு. அவர்களில் மனவெழுச்சிக் கோளாறு வகையில் இருந்தவர்கள் 5 விழுக்காட்டை ஒட்டி. மொத்த மாணவர்களில் பார்த்தால் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 2000களின் முற்பகுதியில் 5 லட்சத்தை நெருங்கிய இந்த வகை, பின்னர் நான்கு லட்சத்துக்கும் கீழே இறங்கியது. நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி 1999இல் வெளியிட்ட மனநல அறிக்கையோ, ஐந்தில் ஒரு பிள்ளை ஓராண்டுக்குள் ஏதேனும் மனநலச் சிக்கலின் அறிகுறியைக் காட்டுகிறது, சுமார் 5 விழுக்காட்டினர் அதனால் மிகக் கடுமையாக முடங்குகிறார்கள் என்றது. 2021இல் நோய்க் கட்டுப்பாட்டு மையம் எடுத்த கணக்கெடுப்பில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 42 விழுக்காட்டினர் விடாத சோகமோ நம்பிக்கையின்மையோ இருந்ததாகக் கூறினர். இவர்கள் எல்லோருக்கும் சிறப்புக் கல்வி வேண்டும் என்பதில்லை. ஆனாலும் ஐந்துக்கும் ஒன்றுக்குக் கீழானதற்கும் இடையே உள்ள தூரத்தை அதை மட்டும் சொல்லி நிரப்ப முடியாது.

எந்த மாநிலத்தில் வசிக்கிறோம் என்பதும் தகுதியைத் தீர்மானிக்கிறது. வெர்மான்ட், மினசோட்டா போன்ற மாநிலங்கள் இந்த வகையில் நிறையப் பேரைச் சேர்க்கின்றன. ஆர்கன்சா, அலபாமா போன்றவை மிகச் சிலரை. மாநில எல்லையைத் தாண்டினால் பிள்ளைகளின் மனம் மாறிவிடுவதில்லை. மாறுவது விதியும் வழக்கமும்.

உள்ளே வருகிறவர்களில் சிறுவர்களே மிகப் பெரும்பான்மை. கறுப்பின மாணவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு அளவில் இந்த வகைக்குள் வைக்கப்படுகிறார்கள். ஆசிய வம்சாவளி மாணவர்கள் மிகக் குறைவு. இதைப் பற்றி ஆய்வாளர்களிடையே கடும் சர்ச்சை உண்டு. 2015இல் பால் மார்கனும் உடன் ஆய்வாளர்களும், வறுமை, கல்வித் தரம் போன்றவற்றைச் சமன் செய்து பார்த்தால் சிறுபான்மைப் பிள்ளைகள் உண்மையில் தேவைக்குக் குறைவாகவே கண்டறியப்படுகிறார்கள் என்றனர். ரஸ்ஸல் ஸ்கிபா முதலியோர் அந்த முறையிலேயே பிழை உண்டு என்று மறுத்தனர். ஒருவருக்கு உதவி மறுக்கப்படுவதும் இன்னொருவருக்கு முத்திரை குத்தப்படுவதும் ஒரே பள்ளியில் சேர்ந்தே நடக்க முடியும் என்பதால், இரு தரப்பின் கவலையையும் தள்ளிவிட முடியாது. 2004 திருத்தம், இன ஏற்றத்தாழ்வு மிகுந்த மாவட்டங்கள் தம் மத்திய நிதியில் 15 விழுக்காட்டை முன்கூட்டிய உதவிக்குச் செலவிட வேண்டும் என்று ஆணையிட்டது.

ஆசியப் பிள்ளைகள் குறைவாக வருவதைப் பெருமையாக எடுத்துக்கொள்ள இடமில்லை. அந்தக் கணக்கில் அங்கு குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் அடக்கம். அடங்கி இருக்கும் பிள்ளை நல்ல பிள்ளை என்ற நம் வழக்கமும், மதிப்பெண் இருந்தால் போதும் என்ற பள்ளியின் வழக்கமும் சேர்ந்துகொண்டால், உள்ளுக்குள் உடையும் பிள்ளையைக் கேட்க ஆளிருக்காது.

உள்ளே சென்ற பின்

தகுதி கிடைப்பது வாசலைத் தாண்டுவது மட்டுமே. 1982இல் ஜேன் நிட்சர் எழுதிய அறிக்கை, கடுமையான மனவெழுச்சிக் கோளாறுள்ள 30 லட்சம் குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்குத் தேவையான உதவி கிட்டவில்லை என்றது. 1990இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் இத்தகைய வகுப்புகளுக்குள் சென்று பார்த்தார்கள். பாடத்தைவிட அடக்கி வைப்பதே அங்கு பாடத்திட்டமாக இருந்தது என்று எழுதினார்கள்: வரிசையில் நில், பேசாதே, புள்ளி சேர்.

தண்டனையிலிருந்து கிடைக்கும் காப்பு ஒரு பெரிய ஆதாயம். சான் ஃபிரான்சிஸ்கோவின் இரண்டு மாணவர்கள் தொடர்பான ஹோனிக் வழக்கில் 1988இல் உச்ச நீதிமன்றம், ஆபத்தானவர் என்று தானே முடிவுகட்டிப் பள்ளி ஒரு மாணவரைக் காலவரையின்றி வெளியே தள்ள முடியாது என்றது. பத்து நாளுக்கு மேல் நீக்குவதானால், அந்த நடத்தை குறைபாட்டின் வெளிப்பாடா என்று குழு கூடி ஆராய வேண்டும் என்பது 1997 முதல் சட்டமே. ஆயுதம், போதைப்பொருள், கடுமையான காயம் என்றால் மட்டும் 45 பள்ளி நாள்வரை வேறிடத்துக்கு மாற்றலாம். தகுதி மறுக்கப்பட்ட பிள்ளைக்கு இந்தக் காப்பு பொதுவாகக் கிடையாது. விலக்கு வாசகத்தால் வெளியே நிற்பவர்கள் இது அதிகம் தேவைப்படுகிறவர்கள் என்பதுதான் கொடுமை.

ஆனாலும் விளைவுகள் நம்பிக்கை தருவதாக இல்லை. எல்லாக் குறைபாட்டு வகைகளிலும் படிப்பை இடையில் விடுவோர் விகிதம் இந்த வகையில்தான் அதிகம். ஏறத்தாழ மூவரில் ஒருவர். பொது வகுப்பில் பெரும்பகுதி நேரம் இருப்பவர்கள் பாதிப்பேர் அளவில்தான். 2017இல் எண்ட்ரூ வழக்கில் உச்ச நீதிமன்றம், பெயருக்கு ஏதோ கொஞ்சம் முன்னேற்றம் காட்டினால் போதாது, பிள்ளையின் நிலைக்கேற்ற உண்மையான முன்னேற்றத்துக்குத் திட்டம் வழிசெய்ய வேண்டும் என்றது. அந்த அளவுகோலை வைத்தால் பல திட்டங்கள் தேறா.

மாற்றுக்கு என்ன வழி

வரையறையை மாற்றும் முயற்சி ஒன்று உருப்படியாகவே நடந்தது. மனநல, சிறப்புக் கல்வி அமைப்புகளின் கூட்டணி 1990களின் தொடக்கத்தில் ஒரு மாற்று வாசகத்தை முன்வைத்தது. வயதுக்கும் பண்பாட்டுக்கும் ஏற்ற நடத்தையிலிருந்து பெரிதும் விலகி, பாடம், பழகுதிறன், தொழில்திறன், தன்னைப் பேணுதல் ஆகியவற்றைப் பாதிக்கும் மனவெழுச்சி அல்லது நடத்தைச் சிக்கல். தற்காலிக நெருக்கடியின் எதிர்வினையாக மட்டும் இருக்கக் கூடாது. பள்ளி உட்பட இரண்டு இடங்களில் தென்பட வேண்டும். பொது வகுப்பில் உதவி செய்தும் பலன் இல்லாமல் இருக்க வேண்டும். பொருந்தாமை விலக்கு அதில் இல்லை. பள்ளி நிர்வாகத் தரப்பு செலவைக் காட்டி எதிர்த்தது. நாடாளுமன்றம் ஏற்கவில்லை.

செலவு பற்றிய அச்சம் வெறும் சாக்கு அல்ல. 1975இல் ஒரு மாணவருக்கான சராசரிச் செலவில் 40 விழுக்காடுவரை மத்திய அரசு தரும் என்று சட்டம் வைத்த இலக்கு ஓர் ஆண்டிலும் எட்டப்படவில்லை. வழக்கமான ஆண்டுகளில் வருவது அதில் பாதிக்கும் குறைவு. ஒரு பிள்ளையை விடுதிச் சிகிச்சைக்கு அனுப்பும் செலவு சிறு மாவட்டத்தின் வரவுசெலவையே ஆட்டிவிடும். முத்திரை பற்றிய அச்சமும் நியாயமானது. வாசலை அகலமாக்கினால் கறுப்பினச் சிறுவர்கள் இன்னும் கூடுதலாக ஒதுக்கி வைக்கப்படலாம். ஆக, விலக்கை நீக்குவது மட்டும் தீர்வாகாது.

அதோடு சேர வேண்டியவை மூன்று. முதலாவது, தகுதிப் பேச்சு வருமுன்பே எல்லாப் பிள்ளைகளையும் கவனித்து, தேவைக்கேற்ப உதவியைக் கூட்டிக்கொண்டே போகும் படிநிலை ஏற்பாடு; பல மாநிலங்களில் இது உண்டு. அமைதியான பிள்ளையும் அதில் கண்ணில் படும். ஆனால் அந்த உதவி முடியட்டும் என்று மதிப்பீட்டைத் தள்ளிப்போடக் கூடாது என்று 2011இல் மத்தியக் கல்வித் துறை எச்சரிக்க வேண்டியிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. இரண்டாவது, ‘கல்விச் செயல்பாடு’ என்பதை எல்லா மாநிலங்களும் விரித்துப் பொருள் கொள்ள வேண்டும். மூன்றாவது, தகுதி பெற்றவர்களின் கணக்கோடு, அவர்களில் எத்தனை பேர் பள்ளியை முடித்தார்கள் என்ற கணக்கையும் மாவட்டம் முன்வைக்க வேண்டும்.

தகுதிக்கான விதியில் கடைசியாக வரும் கேள்வி, இந்தக் குறைபாட்டால் பிள்ளைக்குத் தனிக் கற்பித்தல் தேவைப்படுகிறதா என்பது. அதற்கு வகுப்பறையில் பார்த்து, முயன்று, அளந்து பதில் சொல்லலாம். பிள்ளை வேண்டுமென்றே செய்கிறதா என்ற கேள்விக்கு அப்படிப் பதில் சொல்ல முடியாது. அதற்குக் குழு சொல்லும் பதில் பெரும்பாலும் குழுவின் பொறுமையைத்தான் காட்டும். விலக்கு வாசகத்தை எடுத்துவிட்டால் ஸ்பிரிங்கர் வழக்கின் பையனுக்குத் தகுதி கிடைத்திருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் அவனைப் பற்றிய விசாரணை, அவன் கெட்டவனா என்பதில் தொடங்காமல், மட்டம் போடத் தொடங்கிய மாதத்தில் அவனுக்கு யார் என்ன கற்பிக்க முயன்றார்கள் என்பதில் தொடங்கியிருக்கும். தகுதி விதியிடம் எதிர்பார்க்க வேண்டியது அவ்வளவுதான். அதையாவது எதிர்பார்க்க வேண்டும்.